நாவலாசிரியரைத் தலைகீழாக மாட்டியவர்

அந்தக் கலைக்கூடத்தில் அவர் முப்பது வருஷம் படம் மாட்டினார். கடைசி இருபத்தெட்டு வருஷத்தில், ஒன்றைத் தவிர, தான் மாட்டிய எந்தப் படத்தையும் அவர் நேருக்கு நேர் பார்த்ததில்லை. விஷயம் தெரியாதவர்கள் இதைக் கேள்விப்பட்டு, ஏதோ ஞானியின் பற்றின்மை போலிருக்கிறது என்று வாயைப் பிளப்பார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. பார்க்கக் கூடாது என்று அவரிடம் எழுதி வாங்கியிருந்தார்கள்.

சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு சாண் நீளத்துக்கு ரசமட்டம் செருகியிருக்கும். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு நீர்க்குமிழி அங்குமிங்கும் ஓட, கொத்தனார்கள் சுவரில் வைத்துப் பார்ப்பார்களே, அதேதான். அதனால் கலைக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் ரசமட்டம். கோபம் வந்தால் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள். அவர் மாட்டிய படம் ஒன்றுகூடச் சாய்ந்ததில்லை. தலைகீழாக இருந்ததுண்டு. சாய்ந்ததில்லை.

முதல் தடவை அது நடந்தது வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். எதையும் வரையாமலேயே வரைவதில் பேர் வாங்கிய ஓவியர் ஒருவரின் கண்காட்சி. அவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அவருடைய படங்களில் ஆள் இருக்காது, மரம் இருக்காது, வீடு இருக்காது. பட்டை இருக்கும், வட்டம் இருக்கும், விலை இருக்கும். அன்றைக்கு வந்த பெரிய படத்தில் கறுப்பாக மூன்று பட்டைகளும் மஞ்சளாக ஒரு வட்டமும் இருந்தன. பின்பக்கத்தில் கரித்துண்டால் ஒரு அம்புக்குறி. அம்பு காட்டிய பக்கம் மேலே வரும்படி மாட்டினால் மஞ்சள் வட்டம் தரையோடு போய்விடுகிறது. ரசமட்டம் யோசித்தார். பெரிய மனிதர், ஏதோ ஞாபகத்தில் அம்பை மாற்றிப் போட்டுவிட்டார். போகட்டும், நாம் சரிசெய்துவிடுவோம் என்று வட்டத்தை மேலே வைத்து மாட்டினார். ஒருவருடைய மானத்தைக் காப்பாற்றிய திருப்தியோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்.

திறப்பு விழாவில் ஓவியர் அந்தப் படத்தின் முன்னால் வந்து நின்றார்.

"இதை மாட்டினது யாரு?"

"நான்தான் சார்."

"பின்னாடி அம்பு போட்டிருந்தேனே, பாத்தியா?"

"பாத்தேன் சார். அப்படி மாட்டினா சூரியன் கீழ போயிடுது. அதான்..."

"சூரியனா?" ஓவியர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "இவனுக்கு இது சூரியனாம்."

கூட்டம் சிரித்தது. அதுவரை அதைச் சூரியன் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள்.

"இனிமே நீ பாக்காதே," என்றார் ஓவியர், தோளில் கை போட்டு, அன்பாகவே. "பாக்கிறதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க. உனக்கு அம்பு போதும்."

பெரியவர்கள் விளையாட்டாகச் சொல்வதைச் சின்ன அதிகாரிகள் உத்தரவாக்கிவிடுவார்கள். மறுநாளே இரண்டு வரியில் தாள் வந்தது. மாட்டும் ஊழியர் படத்தின் முன்பக்கத்தைப் பார்த்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. பின்பக்க அம்புக்குறியே இறுதியானது. கீழே ரசமட்டத்திடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஆறு மாதத்தில் நிரந்தரமாக வேண்டிய அவருடைய வேலை, 'அடுத்த உத்தரவு வரும்வரை தற்காலிகம்' ஆனது. அடுத்த உத்தரவு இருபத்தெட்டு வருஷமாக வந்துகொண்டே இருந்தது.

அவர் சொன்ன சொல் தட்டாதவர். வரும் படங்களையெல்லாம் முகம் சுவரைப் பார்க்க அடுக்குவார். பின்பக்கத்தில் அளவெடுத்து, கொக்கி போட்டு, கம்பி கட்டி, தூக்கி மாட்டும்போது மேல்விளிம்பையும் ஆணியையும் மட்டும் பார்ப்பார். மாட்டியதும் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவே நின்றதும், அடுத்தவன் வீட்டுப் பெண்ணைப் பார்க்கக் கூடாது என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏணியை விட்டு இறங்குவார். காலப்போக்கில் பின்பக்கத்தை வைத்தே இது யார் படம், எத்தனை வருஷப் பழசு, எந்த வீட்டுச் சுவரில் ஈரம் பட்டது என்றெல்லாம் சொல்லிவிடுவார். வாசல் காவலாளி வம்புக்கு இழுப்பான்.

"அண்ணே, இந்தப் படத்துல என்ன இருக்கு?"

"நாலு கொக்கி, ஒரு கரையான் ஓட்டை."

"விமர்சகர் ஒரு பக்கம் எழுதியிருக்காரேண்ணே."

"அவரு முன்னாடி பாத்து எழுதியிருப்பாரு. அங்க என்ன தெரியும்."

கலைக்கூடத்துக்குப் பின்னால், தோட்டத்தை ஒட்டி, அவருக்கு இரண்டு அறை கொடுத்திருந்தார்கள். அவருக்கு என்று சொல்வது சரியில்லை, காலையில் கதவைத் திறக்க யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கதவுக்குக் கொடுத்திருந்தார்கள். பிள்ளை இல்லை. மனைவியும் அவரும்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு கூடியது, ஆனால் தன் இஷ்டத்துக்குக் கூடியது. தள்ளிக்கொண்டு நடக்கும் சட்டத்தைப் பிடித்துக் கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பத்து எட்டு, திரும்பப் பத்து எட்டு. சாயங்காலம் மனசு நன்றாக இருந்தால் தோட்டம் வரை இன்னும் பன்னிரண்டு. படி ஏற முடியாது. ஒரு படி என்றாலும் முடியாது. அந்த வீட்டில் படி கிடையாது என்பதுதான் அவளுக்கு மிச்சமிருந்த ஒரே சொத்து.

அப்படியிருக்க, புதிதாக வந்த இயக்குநர் அம்மா தோட்டத்தைப் பார்த்தார், இரண்டு அறைகளைப் பார்த்தார். இந்த இடத்தில் ஒரு காப்பிக்கடை வைத்தால் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. தற்காலிக ஊழியர்கள் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும் என்று சுற்றறிக்கை போட்டார். குடியிருப்பும் ஒன்றுதான், தற்காலிக ஊழியரும் ஒருவர்தான். ரசமட்டம் கையைப் பிசைந்துகொண்டு அவர் முன்னால் போய் நின்றார்.

"நிரந்தரமானவங்கன்னா ரிட்டயர் ஆகிற வரைக்கும் இருக்கலாம்னு விதி இருக்கு," என்றார் இயக்குநர். "உங்களுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கில்ல? உங்க ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு. ஓவியரோட எண்பதாவது வயசுக் கண்காட்சி வருது. ஆலோசனைக் குழுத் தலைவரே அவர்தான். நல்லபடியா முடியட்டும். அவர் ஒரு வார்த்தை சொன்னா நிரந்தரம் பண்ணிடலாம்."

வீட்டில் வந்து சொன்னார். மனைவி கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆள் அன்னைக்குச் சொன்ன ஒரு வார்த்தையே இன்னும் செரிக்கல. இன்னொரு வார்த்தையா?"

"இந்தத் தடவை நல்ல வார்த்தை."

"காலி பண்ணச் சொன்னா எங்க போறதாம்? தங்கச்சி வீடு மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது. என்னை மேல ஏத்திட்டா அப்புறம் படுக்க வச்சுத்தான் இறக்கணும்."

"அபசகுனமா பேசாதே."

"சகுனம் பாத்தா பேசறேன்? படி பாத்துப் பேசறேன்."

எண்பத்தாறு படங்கள் வந்தன. எண்பத்தைந்து, ஆள் உயரப் பெட்டிகளில், லாரியில். கடைசி ஒன்று, உள்ளங்கை அகலத்தில், குளிக்கிற துண்டில் சுற்றி, ஒரு பள்ளித் தலைமையாசிரியையின் மடியில் வந்தது. அவர் காலமாகிவிட்ட ஒரு நாவலாசிரியரின் பேத்தி. ஓவியர் இருபத்திரண்டு வயதில், இன்னும் மனித முகங்களை விட்டுத்தொலைக்காத காலத்தில், நாவலாசிரியரை எதிரே உட்காரவைத்துப் பேனாவால் வரைந்த சின்னப் படம் அது. ஓவியர் முகம் வரைந்ததற்கு உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே சாட்சி அதுதான் என்பதால், நுழைவாயில் சுவரில் அதைத் தன்னந்தனியாக மாட்டுவது என்று முடிவாகியிருந்தது.

"தாத்தாவை நல்ல உயரமா மாட்டுங்க," என்றார் தலைமையாசிரியை, கொடுக்க மனசில்லாமல் கொடுத்தபடி. "யாரும் அவரைக் குனிஞ்சு பாக்கிற மாதிரி இருக்கக் கூடாது. அவருக்குப் பிடிக்காது."

ரசமட்டம் வழக்கப்படி படத்தைக் கவிழ்த்தார். அறுபது வருஷப் பழுப்பேறிய அட்டை. அதில் அம்புக்குறி. ஒரு பக்கக் கொம்பு மட்டும் கொஞ்சம் நீண்டிருந்த அந்த அம்பை அவர் எந்தக் கூட்டத்திலும் அடையாளம் கண்டுபிடித்துவிடுவார். ஓவியரின் கையேதான். அளவெடுத்துக் கொக்கி போட்டாயிற்று. ஆனால் கண்ணாடியில் துண்டின் நூலும் விரல் ரேகையும் ஒட்டியிருந்தன. துடைக்க வேண்டும். பெரிய படங்களுக்குக் கண்ணாடி கிடையாது என்பதால் இரண்டு வரி உத்தரவு இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திருப்பினார். இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு படத்தின் முகத்தைப் பார்த்தார்.

நிஜமாகவே முகம். மூக்குக்கண்ணாடி, நீண்ட மூக்கு, இரட்டை மோவாய், யாரோ தன்னைக் காக்கவைத்துவிட்டார்கள் என்பதுபோல் ஒரு பார்வை. அம்பு மோவாயின் பக்கம் காட்டியது. அம்பின்படி மாட்டினால் நாவலாசிரியர் வௌவால்போல் தொங்குவார். திருப்பிப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார், தானே தலையைச் சாய்த்துப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் அம்பு ஒன்று சொல்லிற்று, மூக்கு ஒன்று சொல்லிற்று.

இயக்குநர் அறைக்கு ஓடினார். அவர் தொலைபேசியில் இருந்தார்.

"மேடம், அந்தச் சின்னப் படத்துல அம்பு..."

"அம்பு இருக்கா, இல்லையா?"

"இருக்கு மேடம். ஆனா..."

"இருக்கில்ல? அதைப் பாத்து மாட்டுங்க. முப்பது வருஷமா வேலை செய்யறீங்க, இதெல்லாமா எங்கிட்ட கேப்பாங்க? அமைச்சர் ஆபீஸ் லைன்ல இருக்கு."

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவி துருவித் துருவிக் கேட்டு விஷயத்தை வாங்கினாள்.

"மனுஷ மூஞ்சிதானே? மூக்குக்குக் கீழ வாய் வர்ற மாதிரி மாட்டுங்க. இதுக்கு எதுக்கு அம்பு?"

"அன்னைக்கும் சூரியன் மேலதான் இருக்கணும்னு நினைச்சேன்."

"அது சூரியனே இல்லைன்னாங்க. சரி. இது மூஞ்சியே இல்லைன்னு சொல்லுவாங்களா?"

"சொல்லுவாங்க."

அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஓவியரின் கண்காட்சி, ஓவியரின் குழு, ஓவியரின் அம்பு. எதிர்ப்பக்கத்தில் இருந்தது இறந்துபோன ஒருவரின் மூக்கு மட்டும்.

"சொல்லுவாங்கதான்," என்றாள் கடைசியில். "அம்பைப் பாத்தே மாட்டுங்க."

மாட்டினார். குமிழி நட்டநடுவில் நின்றது. இயக்குநர் அந்தச் சுவரை மூன்று தடவை கடந்துபோனார். விளக்கைப் பார்த்தார், பூச்சாடியைப் பார்த்தார், படத்துக்குப் பக்கத்திலிருந்த பெயர்ச்சீட்டில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தார். படத்தைப் பார்க்க நேரமில்லை.

திறப்பு விழாவுக்குத் தலைமையாசிரியை, உறவுக்காரர்கள் பன்னிரண்டு பேரோடு, நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். உள்ளே நுழைந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இன்னொரு தடவை பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமலேயே நானூறு பிள்ளைகளை அடக்குகிற குரல் அது.

"எங்க தாத்தா என்ன தப்புப் பண்ணினார், இப்படித் தொங்க விட்டிருக்கீங்க?"

இயக்குநர் அப்போதுதான் படத்தைப் பார்த்தார். படத்தைத் திருப்பிவிடக் கையைத் தூக்கினார். சரியாக அந்த நேரத்தில் சக்கர நாற்காலியில் ஓவியர் வந்தார். தள்ளிக்கொண்டு வந்தவர் ஒரு பெரிய விமர்சகர். அவர்தான் முதலில் படத்தைப் பார்த்தார். பார்த்ததும் நாற்காலியைத் தள்ளுவதை மறந்தார்.

"இருபத்திரண்டு வயசுல," என்றார் விமர்சகர், மூச்சை அடக்கிக்கொண்டு. "முகத்தை முகமா பாக்க விடாம, கோடா மட்டும் பாக்க வைக்கிறார். இதுவரைக்கும் யாருமே கவனிக்கலையே. இங்கதான் எல்லாமே ஆரம்பிச்சிருக்கு."

ஓவியர் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏணியோடு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்த ரசமட்டத்தின் மேல் கண் போயிற்று.

"பின்னாடி அம்பு இருக்கா?"

"இருக்கு சார். உங்க கைதான் சார்."

"அப்ப சரி," என்றார் ஓவியர். கூட்டத்தின் பக்கம் நாற்காலியைத் திருப்பச் சொன்னார். "முப்பது வயசுலதான் நான் முகத்தை விட்டேன்னு புஸ்தகத்துலயெல்லாம் எழுதறாங்க. அதுக்கு எட்டு வருஷம் முன்னாடியே விட்டாச்சு. இப்பவாவது தெரிஞ்சுக்குங்க."

கைதட்டல் எழுந்தது. அமைச்சரும் தட்டினார். தலைமையாசிரியையும் பன்னிரண்டு உறவினர்களும் தட்டவில்லை.

ரசமட்டம் தோட்டத்தைத் தாண்டி ஓடினார் என்றே சொல்ல வேண்டும்.

"அவர் 'சரி'ன்னுட்டார்."

"எத்தனை பேர் முன்னாடி?"

"அத்தனை பேர் முன்னாடியும்."

மனைவி தலையை வாரிக்கொண்டு, சட்டத்தைப் பிடித்து, தோட்டம் வரை பன்னிரண்டு எட்டு நடந்தாள். அன்றைக்கு யாரும் அவளை நடக்கச் சொல்லவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தலைமையாசிரியை கடிதத்தோடு வந்தார். படத்தை நேராக்க வேண்டும், இல்லையென்றால் படத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவோம், வழக்கும் போடுவோம். படத்தை நேராக்க முடியாது. அன்றைய எல்லாப் பத்திரிகையிலும் நாவலாசிரியர் தலைகீழாகவே வந்திருந்தார். எடுத்துக்கொண்டு போகவிடவும் முடியாது. அமைச்சர் அதைப் பற்றித்தான் பேசியிருந்தார். இயக்குநர் கெட்டிக்காரி. இரண்டு பக்கத்துக்கும் நியாயம் வழங்கினார். ஓவியரின் பக்கத்துக்கு, படம் அப்படியே இருக்கும். குடும்பத்தின் பக்கத்துக்கு, அப்படி மாட்டியவர் இருக்கமாட்டார்.

"அப்ப நான் பண்ணினது தப்பா மேடம்?"

"தப்புன்னு யார் சொன்னா? தப்புன்னா படத்தைத் திருப்பியிருக்க மாட்டோமா?"

"பின்ன எதுக்கு மேடம் என்னை..."

"அவங்களுக்கு யாராவது ஒருத்தர் பதில் சொல்லியாகணும். ஓவியர் சொல்ல முடியாது. நான் சொல்ல முடியாது. படம் வாயைத் திறக்காது. நீங்களே யோசிச்சுப் பாருங்க."

அவர் யோசித்துப் பார்த்தார். அவருக்கும் வேறு யாரும் தோன்றவில்லை. கொடுத்த தாளில், 'ஓவியரின் நோக்கத்துக்கு முற்றிலும் உகந்த முறையில் படத்தை மாட்டி, அதன்மூலம் நாவலாசிரியரின் குடும்பத்தாரது மனத்தைப் புண்படுத்திய காரணத்தால்' என்று இருந்தது. குடியிருப்பைப் பதினைந்து நாளில் ஒப்படைக்க வேண்டும்.

ஓவியர் தினமும் மதியம் வந்து தன் படங்களுக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். ரசமட்டம் தாளை நீட்டினார். ஓவியர் படித்துவிட்டு, உடம்பு குலுங்கச் சிரித்தார்.

"நல்லா எழுதறாங்கப்பா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உனக்கு மட்டும் ஒண்ணு சொல்றேன், கேளு. அந்த நாவலாசிரியர், நான் வரைஞ்சதைப் பாத்துட்டு என்ன சொன்னார் தெரியுமா? 'தம்பி, மூக்கு என்னோடது இல்லை, உன்னோடது'ன்னார். பத்துப் பேர் முன்னாடி. எனக்குத் தாங்கல. சட்டம் போட்டுக் கொடுக்கறப்போ பின்னாடி தலைகீழா ஒரு அம்பைப் போட்டு அனுப்பிட்டேன். அவ்வளவுதான் விஷயம். அவங்க வீட்டுல ஒருத்தரும் அட்டையைத் திருப்பிப் பாக்கல. நானே மறந்து போயிட்டேன். அறுபது வருஷம் கழிச்சு நீ ஒருத்தன் பாத்திருக்க."

"சார், இதை மேடம்கிட்ட ஒரு வார்த்தை..."

"சொல்லி?"

"அம்பு நீங்க போட்டது, நான் சும்மா மாட்டினதுன்னு."

"அது அவங்களுக்கே தெரியுமே. எதுக்குப் போட்டேன்னு கேப்பாங்க. கோபத்துல போட்டேன்னு சொல்லவா? அந்த விமர்சகர் இதை வச்சு முந்நூறு பக்கம் எழுதப்போறார். பாவம், அவரும் பிள்ளைகுட்டிக்காரர்."

"என் சம்சாரத்தால படி ஏற முடியாது சார்."

"எனக்கும்தான் முடியல," என்றார் ஓவியர், சக்கர நாற்காலியைத் தட்டிக் காட்டி. "தூக்கிட்டுப் போக ஆள் வச்சுக்க." பிறகு அவர் கையைப் பிடித்து அழுத்தினார். "ஒண்ணு சொல்லணும். உன்னை மாதிரி ஒரு வேலைக்காரன் எனக்குக் கிடைச்சதே இல்லை. நான் சொன்னதை அப்படியே செஞ்சவன் நீ ஒருத்தன்தான்."

பதினைந்தாம் நாள், சுமை தூக்கும் ஆட்கள் இரண்டு பேர் அவளை நாற்காலியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார்கள். தங்கச்சி வீட்டுக்கு ஐம்பத்துநான்கு படி. முதல் மாடியில் இறக்கிவைத்து மூச்சு வாங்கினார்கள்.

"அவசரமில்லப்பா, நின்னு நின்னே போங்க," என்றாள் அவள். "நான் இதையெல்லாம் நல்லா பாத்துக்கறேன். திரும்பப் பாக்கப் போறதில்லை."

ரசமட்டம் பின்னாலேயே நடக்கும் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஏறினார்.

இரண்டு மாதம் கழித்து இயக்குநரே தொலைபேசியில் கூப்பிட்டார். புதிதாக வந்த ஆள் நன்றாகப் படித்தவன், ரசனை உள்ளவன், படங்களை ஆழ்ந்து பார்த்து மாட்டுகிறான், ஆகவே ஐந்து படங்கள் தப்பாகத் தொங்குகின்றன. தினக்கூலிக்கு வந்து சரிசெய்து கொடுக்க முடியுமா? அவர் மென்று விழுங்கிச் சரி என்றார். தங்கச்சி வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற சோறு தொண்டையில் இறங்காமல் இருந்த காலம். காவலாளி அவரை முன்வாசலில் விடாமல், "மன்னிச்சுக்கண்ணே, கூலி ஆளுங்க காப்பிக்கடை வழியாத்தான் போகணுமாம்," என்று பக்கவாட்டைக் காட்டினான். போனார். ஐந்து படங்களையும் அம்பைப் பார்த்து மாட்டினார். அதே வழியாகத் திரும்பினார்.

ஐம்பத்துநான்கு படி ஏறி வந்து உட்கார்ந்ததும் மனைவி ஆரம்பித்தாள்.

"நம்ம ரூம் எப்படியிருக்கு?"

"உன் கட்டில் இருந்த இடத்துல கேக் வைக்கிற கண்ணாடி அலமாரி."

"அடுப்படி?"

"கை கழுவற இடம். பெரிய கண்ணாடி மாட்டியிருக்காங்க. கொஞ்சம் சாஞ்சிருக்கு."

"உள்ள வெளிச்சம் வருதா?"

"தோட்டத்துப் பக்கம் சுவரை உடைச்சு, இந்த அகலத்துக்கு ஜன்னல் வச்சுட்டாங்க. நல்ல வெளிச்சம்."



"ஜன்னல் வைக்க முடியாது, சுவர் தாங்காதுன்னு சொன்னீங்களே."

"அப்படித்தான் அப்ப சொன்னாங்க."

"எத்தனை தடவை கேட்டிருப்பேன்."

அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்பதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, சொன்னார்.

"போயிட்டு வாங்க," என்றாள் அவள், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டே. "போனா உக்காந்து ஒரு காப்பி குடிச்சுட்டு வாங்க. நம்ம வீடுதானே."